ஒரே சொத்தைப் பல், இரண்டு வாழ்க்கை: மாற்றுத்திறனாளி விளையாட்டு வீரர்களும் வாய் நலமும்

பெரியமேடு நேரு விளையாட்டரங்கில் பயிற்சி எடுக்கும் இரண்டு பேரை மனதில் வைத்துக்கொள்வோம். இரண்டு பேருமே கற்பனைதான். ஒருவர் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து ஆடுபவர், 28 வயது, வங்கியில் வேலை. இன்னொருவர் டவுன் சிண்ட்ரோம் (அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் பிறவி நிலை) உள்ள 20 வயது இளைஞர், குண்டு எறிபவர். இருவருக்கும் கீழ்க் கடைவாயில் ஒரே அளவில் ஒரு சொத்தை. பல் மருத்துவரின் கார்டில் இரண்டுக்கும் ஒரே குறிதான் விழும்.

முதலாமவர் வலி ஆரம்பித்த வாரமே சனிக்கிழமை விடுப்பு எடுத்துப் போய்ப் பல்லை அடைத்துக்கொண்டு வந்துவிட்டார். இரண்டாமவர் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. சாதத்தைக் குழைத்துக் கொடுத்தால்தான் சாப்பிடுகிறார். ராத்திரி புரண்டு புரண்டு படுக்கிறார். மைதானத்துக்குக் கிளம்பச் சொன்னால் அடம். 'பிடிவாதம் ஜாஸ்தியாகிவிட்டது' என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். பயிற்சியாளரும் அதையே நினைக்கிறார். இப்படியே சில மாதங்கள் ஓடிவிடுகின்றன.

சொத்தை ஒன்றுதான். அது இரண்டு பேரிடமிருந்தும் பிடுங்கிக்கொண்டது ஒன்றல்ல. இந்த வித்தியாசத்தைத்தான் 'வாய் நலம் சார்ந்த வாழ்க்கைத் தரம்' என்று மருத்துவ உலகில் சொல்கிறார்கள். வாயில் எத்தனை பல் கெட்டிருக்கிறது என்று எண்ணுவது ஒரு கணக்கு. அந்தப் பல்லால் ஒருவரின் சாப்பாடு, தூக்கம், பேச்சு, சிரிப்பு, வேலை, பழக்கவழக்கம் எந்த அளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்று அவரையே கேட்பது இன்னொரு கணக்கு. உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பு 2016-ல் வாய் நலத்துக்குத் தந்த வரையறையிலும் இதுதான் இருக்கிறது: பேச, சிரிக்க, முகர, சுவைக்க, தொட, மெல்ல, விழுங்க, முகத்தில் உணர்ச்சியைக் காட்ட, இவை எல்லாவற்றையும் வலியோ நோயோ இல்லாமல் தன்னம்பிக்கையோடு செய்ய முடிய வேண்டும். சொத்தை இல்லாவிட்டால் மட்டும் போதும் என்று அதில் சொல்லவில்லை.

இதை அளப்பது எப்படி? கேள்வித்தாள்தான். அதிகம் பயன்படுவது 14 கேள்விகள் கொண்ட ஒன்று. 1994-ல் 49 கேள்விகளோடு வந்ததை 1997-ல் சுருக்கினார்கள். சொற்களை உச்சரிக்கச் சிரமமாக இருந்ததா, வாயில் வலி இருந்ததா, பாதிச் சாப்பாட்டில் எழுந்திருக்க வேண்டி வந்ததா, பல்லை நினைத்துக் கூச்சப்பட்டீர்களா, மற்றவர்களிடம் எரிந்து விழுந்தீர்களா, அன்றாட வேலை தடைப்பட்டதா, இப்படிப் போகும். ஒவ்வொன்றுக்கும் 'ஒருபோதும் இல்லை' என்றால் 0, 'மிக அடிக்கடி' என்றால் 4. மொத்தம் 56. மதிப்பெண் ஏற ஏற நிலைமை மோசம் என்று அர்த்தம்.

விளையாட்டு பல்லை என்ன செய்கிறது

ஓடியாடி உடம்பைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குப் பல்லும் நன்றாகத்தானே இருக்கும் என்று தோன்றும். அப்படி இல்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில், வீரர்கள் தங்கியிருந்த கிராமத்தின் பல் மருத்துவப் பிரிவுக்கு வந்த 302 பேரைச் சோதித்தார்கள். 55 சதவீதம் பேருக்குச் சொத்தை. 45 சதவீதம் பேருக்கு எனாமல் (பல்லின் வெளி ஓடு) அரிப்பு. 76 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கம். வாழ்க்கைத் தரமே பாதிக்கிறது என்றவர்கள் 28 சதவீதம், பயிற்சியையும் ஆட்டத்தையும் பாதிக்கிறது என்றவர்கள் 18 சதவீதம். பல் மருத்துவரைத் தேடி வந்தவர்களிடம் எடுத்த கணக்கு என்பதால், எல்லா வீரர்களுக்கும் இதே விகிதம் என்று நீட்டிவிடக் கூடாது. உலகத்தின் உச்ச வீரர்களுக்கே இந்தக் கதி என்பது மட்டும் புரிகிறது. அவர்கள் மாற்றுத்திறனாளி வீரர்கள் இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காரணம் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. எச்சில்தான் பல்லின் காவல்காரன். அமிலத்தைத் தணிப்பதும், எனாமல் இழந்த தாது உப்பைத் திருப்பித் தருவதும் அதுதான். சென்னை மே மாத வெயிலில் இரண்டு மணி நேரம் பயிற்சி செய்தால் வியர்வையில் உடம்பு வற்றும், வாயால் மூச்சு வாங்கும், எச்சில் குறையும். அந்த நேரம் பார்த்து நாம் குடிப்பது எலுமிச்சை, சர்க்கரை, குளுக்கோஸ் கலந்த தண்ணீர், இல்லையென்றால் கடையில் வாங்கிய விளையாட்டு பானம். வாயின் pH அளவு (இந்த எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். விளையாட்டு பானங்கள் பலவும் 3-க்கும் 4-க்கும் நடுவில் இருக்கின்றன. எவ்வளவு குடிக்கிறோம் என்பதைவிட எத்தனை தடவை உறிஞ்சுகிறோம் என்பதே பல்லுக்கு முக்கியம். ஒரே மூச்சில் குடித்து முடித்தால் ஒரு தாக்குதலோடு போகும். ஒரு பாட்டிலைப் பயிற்சி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சப்பினால் எச்சிலுக்கு மீண்டு வர நேரமே கிடைக்காது.

உடல் குறைபாடு இதோடு சேரும்போது

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. எல்லோரையும் 'மாற்றுத்திறனாளி' என்று ஒரே பைக்குள் போட்டுவிட்டால் ஒன்றும் புரியாது. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. ஒவ்வொன்றும் வாயை ஒவ்வொரு விதமாகத் தொடுகிறது.

முதுகுத்தண்டில் அடிபட்டு சக்கர நாற்காலிக்கு வந்தவரை எடுத்துக்கொள்வோம். சிறுநீர்ப்பையைக் கட்டுப்படுத்த ஆக்ஸிபியூட்டினின் மாதிரி ஒரு மாத்திரை சாப்பிடுவார். அதன் பக்கவிளைவு வாய் வறட்சி. அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்வை சரியாக வராது என்பதால் உடம்பு சீக்கிரம் சூடாகும், அதனால் மற்றவர்களைவிடக் கவனமாகத் தண்ணீர் குடிக்க வேண்டியவர். ஆனால் குடிக்க மாட்டார். போகிற இடத்தில், ரயிலில், சில மைதானங்களில், நாற்காலியோடு நுழைகிற கழிப்பறை இருக்காது. அதனால் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வார். சக்கர நாற்காலிப் பயணிகளிடம் கேட்டுப் பாருங்கள், இது பழக்கமாகவே ஆகிவிட்டிருக்கும். மாத்திரையால் ஒரு வறட்சி, தண்ணீர் குடிக்காததால் இன்னொரு வறட்சி. பல்லின் வேரோரம் சொத்தை விழுவதற்கு இதைவிடத் தோதான சூழ்நிலை வேண்டாம். 'சரியாகப் பல் தேய்ப்பதில்லை' என்று அவரைக் கடிந்துகொள்வது சுலபம். கழிப்பறைக் கதவின் அகலத்தைக் குறை சொல்ல நமக்குத் தோன்றாது.

மூளை முடக்குவாதம் உள்ளவர்களிடம் வேறு கதை. தாடைத் தசை இறுகிப் பல்லை நறநறவென்று அரைப்பதால் பல் தேயும். சிலருக்கு வயிற்று அமிலம் மேலே ஏறிவந்து பல்லின் உட்புறத்தை அரிக்கும். கை நடுங்கினால் பிரஷ் பிடிப்பதே பாடு. வலிப்புக்கு பெனிடோயின் சாப்பிடுகிறவர்களில் பலருக்கு ஈறு தடித்துப் பல்லின் மேல் ஏறி வளர்கிறது. அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது, அது வேறு ஆபத்தில் கொண்டுபோய் விடும். பல்லைச் சுத்தமாக வைத்துக்கொண்டாலே ஈறு வளர்ச்சி கணிசமாகக் கட்டுக்குள் இருக்கும். மாத்திரையை மாற்றுவது பற்றி நரம்பியல் மருத்துவரிடம்தான் பேச வேண்டும்.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குச் சொத்தை பெரும்பாலும் குறைவாக இருக்கும், ஆனால் ஈறு நோய் இளவயதிலேயே தீவிரமாக வரும். பல் பார்க்க வெள்ளையாக இருக்கிறதே என்று வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள். கீழே எலும்பு கரைந்து, ஒரு நாள் முன்பல் ஆடும்போதுதான் தெரியவரும். இவர்களில் பலருக்குப் பிறவி இதயக் கோளாறும் இருக்கலாம் என்பதால் பல் பிடுங்குவதற்கு முன் மருத்துவரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஸ்பைனா பிஃபிடா என்ற முதுகுத்தண்டுப் பிறவிக் குறை உள்ளவர்களில் ரப்பர் கையுறை ஒவ்வாமை அதிகம். 'லேடெக்ஸ் கையுறை வேண்டாம், டாக்டர்' என்ற ஒரு வரியைச் சொல்ல மறந்தால் விபரீதமாகலாம்.

காது கேளாதவர்களுக்கு வாய்க்குள் பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. சிக்கல் மாஸ்க்கில். மருத்துவரின் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிக்கிறார்கள், அதையே மூடிவிட்டால்? ஆரம்பிப்பதற்கு முன் மாஸ்க்கை இறக்கி எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, 'கையைத் தூக்கினால் நிறுத்திவிடுகிறேன்' என்று ஒரு சைகையைப் பேசிவைத்துக்கொண்டால் தீர்ந்தது. பார்வையற்ற வீரர்களின் கவலை அடிபடுவதில் இருக்கிறது. கோல்பால் ஆட்டத்தின் பந்து 1.25 கிலோ. அது உருண்டு வரும் சத்தத்தைக் கேட்டு உடம்பைக் குறுக்கே போட்டுத் தடுக்கிறார்கள். முகத்தில் பட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம், பல்லே விளையாட்டுச் சாமானாக இருப்பவர்கள். எகிப்தின் இப்ராஹிம் ஹமாத்து மேசைப்பந்து மட்டையை வாயில் கவ்விக்கொண்டு ரியோவிலும் டோக்கியோவிலும் பாராலிம்பிக் ஆடினார். கைகள் இல்லாத நீச்சல் வீரர்கள் மல்லாந்து நீந்தும் போட்டியில் துணியைப் பல்லால் கடித்தபடி தொங்கி நின்று தொடங்குகிறார்கள். நம் நாட்டின் ஷீத்தல் தேவி காலால் வில்லைத் தூக்கி, தோளால் நாணை இழுத்து, தாடை வலிமையால் அம்பை விடுகிறார். 2024 பாரிஸில் கலப்புக் குழுப் பிரிவில் வெண்கலம் வாங்கினார். இவர்களுக்கு ஒரு பல் ஆடுகிறது, தாடை மூட்டு வலிக்கிறது என்றால் அது முழங்கால் ஜவ்வு கிழிந்த ஓட்டக்காரரின் நிலைமைக்குச் சமம். 14 கேள்வித் தாளில் 'மட்டையைக் கவ்வ முடிந்ததா' என்று ஒரு கேள்வி கிடையாது. பொதுவான கேள்வித்தாளின் போதாமை இங்கே பளிச்சென்று தெரிகிறது.

யார் பதில் சொல்கிறார்கள்?

வாழ்க்கைத் தரத்தை அளப்பதில் எனக்கு மிகவும் சிக்கலாகப் படுவது இந்தக் கேள்விதான். அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவரின் கேள்வித்தாளைப் பெரும்பாலும் அம்மாவோ பயிற்சியாளரோ நிரப்புகிறார்கள். சாப்பிடாமல் எழுந்துபோனதை அம்மா பார்த்திருப்பார். ஆனால் பதக்கத்தோடு புகைப்படம் எடுக்கும்போது ஏன் வாயை மூடிக்கொண்டான் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். மற்றவர் கண்ணுக்குத் தெரிவது தாளில் ஏறுகிறது, மனதுக்குள் இருப்பது விட்டுப்போகிறது. அதனால் முடிந்தவரை அவரிடமே கேட்க வேண்டும். சின்ன வாக்கியத்தில், சிரிக்கும் முகம், அழும் முகம் படங்களைக் காட்டி, அவசரப்படுத்தாமல். சொல்லத் தெரியாதவர்களிடம் நடத்தைதான் பதில்: கன்னத்தைத் தட்டிக்கொள்வது, ஒரே பக்கமாக மெல்வது, ஐஸ் தண்ணீரைக் கண்டால் முகத்தைத் திருப்புவது, எச்சில் திடீரென்று அதிகமாக ஒழுகுவது, காரணமில்லாத கோபம்.

எதிர்த்திசையிலும் ஒரு குழப்பம் உண்டு. பெரிய உடல் குறைபாடுகளோடு வாழ்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் வாழ்க்கைத் தரம் நன்றாகவே இருப்பதாகச் சொன்னதை 1999-ல் ஆல்பிரெக்ட், டெவ்லீகர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது ஆச்சரியம். வாழ்கிறவர்களுக்கு இல்லை. பல அறுவை சிகிச்சைகளைத் தாண்டி, செயற்கைக் காலில் புண் வந்தும் ஓடுகிற ஒருவருக்கு ஈறில் ரத்தம் வருவதெல்லாம் ஒரு விஷயமா? 'ஒருபோதும் இல்லை' என்று எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டுவிட்டுப் போவார். வலியைக் காட்டிக்கொள்ளாததே பெருமை என்பது விளையாட்டில் வேறு சேர்ந்துகொள்ளும். ஆகவே கேள்வித்தாள் சுத்தமாக வந்தால் வாயும் சுத்தம் என்று நினைத்துவிட முடியாது. பூஜ்யம் வாங்கியவரையும் நாற்காலியில் உட்காரவைத்து வாயைத் திறந்து பார்க்க வேண்டும்.

இரண்டையும் சேர்த்துச் செய்ய முயன்ற ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் 1968-ல் தொடங்கியது. (பாராலிம்பிக் வேறு. அதில் பெரும்பாலும் உடல், பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் போட்டியிடுகிறார்கள், அறிவுசார் குறைபாட்டுக்குச் சில பிரிவுகள் மட்டும் உண்டு. காது கேளாதோருக்கு டெஃப்லிம்பிக்ஸ் தனி.) ஸ்டீவன் பெர்ல்மன் என்ற பாஸ்டன் பல் மருத்துவர் 1993-ல் ஆரம்பித்த 'ஸ்பெஷல் ஸ்மைல்ஸ்' திட்டத்தில், போட்டி நடக்கும் இடத்திலேயே வீரர்களின் பல்லைப் பார்த்து, வலி இருக்கிறதா என்று கேட்டு, பிரஷ் செய்யக் கற்றுக்கொடுத்து, அவசரமாகச் சிகிச்சை வேண்டியவர்களுக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். சொல்லி அனுப்பியபின் அவர் எங்கே போவார் என்பதுதான் அடுத்த கேள்வி.

சென்னையில் என்ன செய்யலாம்

நம் ஊரில் பல் கிளினிக்குக்குப் பஞ்சமில்லை, தெருவுக்கு ஒன்று. ஆனால் எத்தனையோ கிளினிக்குகள் மருந்துக்கடைக்கு மேலே முதல் மாடியில், குறுகலான படிக்கட்டுக்கு அப்பால் இருக்கின்றன. அதனால் போன் செய்யும்போதே கேளுங்கள்: லிஃப்ட் உண்டா, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்ப்பீர்களா? பல் சிகிச்சை நாற்காலிக்கு மாறாமலேயே, தலைக்குத் தாங்கல் வைத்துப் பல வேலைகளை முடிக்கலாம். கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், நகரைச் சுற்றியுள்ள தனியார் பல் கல்லூரிகளிலும் எல்லாத் துறையும் ஒரே வளாகத்தில் கிடைக்கும். அறிவுசார் குறைபாடு உள்ளவர் என்றால், வயது 25 ஆனாலும் குழந்தைகள் பல் மருத்துவத் துறையில் விசாரியுங்கள். சிறப்புத் தேவை உள்ளவர்களைக் கையாளும் பயிற்சி நம் நாட்டில் பெரும்பாலும் அந்தத் துறையினருக்குத்தான் இருக்கிறது. பொம்மை ஒட்டிய சுவரைப் பார்த்துக் கூச்சப்பட வேண்டாம். முதல் தடவை சும்மா போய் நாற்காலியில் உட்கார்ந்து, கருவிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தால்கூட அது வீணான நாள் இல்லை.

வீட்டில் பெரிய செலவில்லாமல் நிறையச் செய்யலாம். விரல் மடங்காதவருக்கு பிரஷ்ஷின் கைப்பிடியில் சைக்கிள் ஹேண்டில்பார் உறையை மாட்டிவிடலாம், இல்லை ஒரு ரப்பர் பந்தைத் துளைத்துச் செருகலாம். பிடியே இல்லாதவருக்கு வெல்க்ரோ பட்டையால் கையோடு கட்டிவிடலாம். கை அசைவு குறைவு என்றால் பேட்டரி பிரஷ் நல்ல முதலீடு. வேறொருவர் தேய்த்துவிடுவதென்றால் முன்னால் நின்று மல்லுக்கட்ட வேண்டாம். பின்னால் நின்று, தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டு தேய்த்தால் இருவருக்கும் சுலபம். ஃப்ளூரைடு பேஸ்ட் போதும். கரி, உப்பு, சொரசொரப்பான பல்பொடி எல்லாம் அமிலத்தில் ஏற்கெனவே மெலிந்த எனாமலை இன்னும் தேய்க்கும். துப்பிவிட்டு வாயை அலசாமல் விட்டால் ஃப்ளூரைடு தங்கி வேலை செய்யும். புளிப்பு பானம் குடித்த கையோடு பிரஷ் எடுக்காதீர்கள், தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரமாவது பொறுங்கள்.

பயிற்சியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். சொன்னதைச் செய்தால் சாக்லேட் என்ற பழக்கத்தை விட்டுவிடலாம். கைதட்டலுக்கும் ஸ்டிக்கருக்கும் அதே பலன் கிடைக்கிறது.

மோதல் உள்ள ஆட்டம் என்றால் பல் காப்பு அவசியம். கடையில் கிடைக்கும், வெந்நீரில் போட்டுக் கடித்துப் பொருத்துகிற வகை ஒன்றுமில்லாததற்குப் பரவாயில்லை. மருத்துவர் அளவெடுத்துச் செய்து தருவது நன்றாகப் பொருந்தும், மூச்சு முட்டாது. வலிப்பு வருபவர்களும், குமட்டல் அதிகம் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போட வேண்டாம். நிலையான பல் வேரோடு விழுந்துவிட்டால் வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து, மண் இருந்தால் லேசாகக் கழுவி, அதே குழியில் வைத்துத் துணியைக் கடிக்கச் சொல்ல வேண்டும். விழுங்கிவிடுவார் என்ற பயம் இருந்தால் பக்கத்து டீக்கடையில் காய்ச்சாத ஆவின் பால் வாங்கி அதில் போட்டு, அரை மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் சேர்க்கப் பாருங்கள். விழுந்தது குழந்தையின் பால் பல் என்றால் அதைக் குழியில் திரும்ப வைக்கக் கூடாது.

கடைசியாக, போட்டிக்குப் போகிறவர்கள் மறந்துவிடுகிற ஒன்று. பல் பிடுங்கியபின் தரும் மருந்துச் சீட்டை ஊக்கமருந்துப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மரத்துப்போக ஈறில் போடும் ஊசியால் பிரச்சினை இல்லை, அதில் அட்ரினலின் கலந்திருந்தாலும் சரி. ஆனால் வீக்கத்துக்குத் தரும் ஸ்டீராய்டு மாத்திரையும் ஊசியும் போட்டிக் காலத்தில் தடை. வலிக்குத் தரும் டிரமடாலும் 2024 ஜனவரியிலிருந்து போட்டிக் காலத்தில் தடைதான். 'நான் போட்டிக்குப் போகிற வீரர், டாக்டர்' என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அவர் வேறு மருந்து எழுதித் தருவார். பெரிய வேலை எதுவானாலும் தேர்வுப் போட்டிக்குச் சில வாரங்கள் முன்பே முடித்துக்கொண்டால் இந்தக் கவலையே வராது.